ஏறினது மூணு பேர்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

வீட்டுல சுகந்தியாவும் போன்ல மேடமாவும் இருந்தவ எழுதுறேன்.

அடுத்த மாசம் உங்களுக்கு ரெண்டாம் வருஷ நினைவு நாள். பத்திரிகையில ஒரு போட்டோவும் கீழ நாலு வரியும் போட்டாப் போதும் மைனின்னு உங்க தம்பி சொல்லிட்டுப் போனாரு. எனக்கு நாலு வரி காணாது. ஜெபத்துக்கு வர்றவங்க கையில பாட்டுத்தாள் குடுப்போம்லா, அதோட சேத்து இந்தக் கடிதத்தையும் அச்சடிச்சுக் குடுக்கப் போறேன். எழுதுறது உங்களுக்கு. ஊரும் வாசிக்கட்டும். ஏன் ஊரு வாசிக்கணும்னு போகப்போகத் தெரியும்.

முதல்ல வீட்டு விசேஷம். பின்னால நிக்கிற பலா, அந்த வருக்கைச் சக்கை, இந்த வருஷம் வேர்மாட்டுல இருந்தே காய்ச்சிருக்கு. திங்க ஆளில்லாம ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் பங்கு வெச்சேன். ஷீபாவோட மகனை மஸ்கட்டுல பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. உங்க விரிஞ்ச காது ரெண்டும் அப்படியே அவனுக்கு இருக்கு, பாவம். உங்க மகள் என்னோட பேசி இன்னைக்கு ஒன்பது நாள் ஆகுது. அவளுக்கு எம்மேல கோவம். அந்தக் கோவத்துல ஒரு ஞாயமும் இருக்கு, அதையும் சொல்றேன்.

ரெண்டு வருஷம் ஆச்சே, சுகந்திக்குப் பழகியிருக்கும்னு சபையில நெனைக்கிறாங்க. என்ன எளவு பழக்கம்! எனக்கு உங்களத் தேடுது அத்தான். அடுக்களையில நிக்கும்போதுகூட இவ்வளவு தேடல்ல, டியூட்டியில இருக்கும்போதுதான் தாங்கமுடியல்ல. கன்ட்ரோல் ரூம்ல போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு தடவை முன்னால ஓடிப் போகுது. எடுத்தா வேற யாரோ பேசுறாங்க.

கல்யாணத்துக்கு முன்ன அஞ்சு மாசம் எனக்கு உங்க குரல் மட்டுந்தானே தெரியும்? "மேடம், லைன்மேன் வில்சன் பேசுறேன்." நேர்ல பாத்த அன்னைக்கு, இந்தக் கனத்த குரலுக்கு இப்படியொரு ஈர்க்குச்சி ஆளான்னு சிரிச்சிட்டேன். நீங்க முகம் சுண்டிப்போய் நின்னீங்க. கல்யாணத்துக்கப்புறமும் போன்ல மேடம்தான், சார்தான். காலையில மீன்கறியில புளி கூடிப்போச்சுன்னு வீட்டுல சண்டை நடந்திருக்கும். பத்து மணிக்கு போன் வரும். "மேடம், எல்.சி. வேணும்." "சொல்லுங்க சார்." நீங்க சொல்றதையெல்லாம் நான் ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்லணும், அது சட்டம். வீட்டுல நீங்க சொன்ன ஒண்ணையும் நான் திருப்பிச் சொன்னதில்ல, எதிர்த்துத்தான் சொல்லியிருக்கேன்.

வாசிக்கிறவங்களுக்காக இதைச் சொல்லணும், நீங்க பொறுத்துக்கோங்க. கம்பியில வேலை செய்யணும்னா சப்-ஸ்டேஷன்ல இருக்கிற என்னைப் போல ஒருத்தர்கிட்ட கேட்டு, கரண்டை நிறுத்தச் சொல்லி, அதுக்கு ஒரு நம்பர் வாங்கணும். அதுக்குப் பேரு லைன் கிளியர், சுருக்கமா எல்.சி. வேலை முடிஞ்சதும் அதே ஆளு போன் பண்ணி, ஆளையெல்லாம் இறக்கியாச்சு, பாதுகாப்புக்கு மாட்டின எர்த் கம்பியை எடுத்தாச்சு, கரண்டு விடலாம்னு எல்.சி.யைத் திருப்பித் தரணும். நான் என் பங்குக்கு ஒரு கேள்வி வெச்சிருந்தேன். அது எந்தப் புத்தகத்துலயும் கெடையாது, நானா வெச்சது. "ஏறினது எத்தன பேரு? இறங்கினது எத்தன பேரு?" ரெண்டு எண்ணும் ஒத்துப்போனாத்தான் கரண்டு விடுற பிரேக்கர்ல கைவைப்பேன். "உங்க வீட்டுக்காரி என்ன ஓய், சந்தைக்கு ஆடு ஏத்துறவ மாதிரி எண்ணுதா"ன்னு லைன்ல எல்லாரும் உங்களக் கேலி செய்வாங்க. நீங்க அதை வந்து எங்கிட்ட பெருமையாச் சொல்லுவீங்க.

இப்ப ஆபீஸ் முன்ன மாதிரி இல்ல. ஒண்ணா இருந்த மின்வாரியத்தைக் கம்பெனி கம்பெனியாப் பிரிச்சாச்சு. வீட்டுக்கு வீடு புது மீட்டர் வரப்போகுதுன்னு சாயாக்கடையில தினமும் வழக்கு நடக்குது. எங்கேயோ ஒரு அறையில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டே பத்து சப்-ஸ்டேஷனை நடத்தலாம்ங்கிறாங்க. நான் ரிட்டையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கு, அதுக்குள்ள என் நாற்காலி ரிட்டையர் ஆனாலும் ஆகும். அதுல எனக்கு வருத்தம் கெடையாது. கம்ப்யூட்டருக்கு யாரு குரலைக் கேட்டும் மனசு எளகாது.

விஷயத்துக்கு வர்றேன். கரண்டுக்கு என்ன விலை, கம்பெனிக்காரங்க எப்படி நடந்துக்கணும்னு வரம்பு கட்டுறதுக்கு ஒரு ஆணையம் இருக்கில்லியா, அவங்க புதுசா ஒரு விதிமுறை எழுதி, எல்லாரும் கருத்துச் சொல்லுங்கன்னு வெளிய விட்டாங்க. கட்டு நெறையப் பேப்பர். உள்ள ஒரு பிரிவு இருந்தது. கம்பியில ஏறுற ஒவ்வொருத்தன் பேரும் எல்.சி.யில இருக்கணும். ஒப்பந்தக்காரர் கூட்டிட்டு வர்ற ஆளா இருந்தாலும் பேரு இருக்கணும். அவனவன் இறங்கிட்டேன்னு அவனவன் வாயால சொன்னாத்தான் கரண்டு விடணும். இதை நான் திரும்பவும் ஒரு தடவை வாசிச்சேன்.

நம்ம செக்‌ஷனுக்கு இப்ப இன்ஜினியரா வந்திருக்கிறது ஒரு பிள்ளை, ஷீபா வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை. அவ ஒரு பேப்பரோட வந்தா. "மேடம், அந்தப் பிரிவைப் பத்தி மேலிடத்துக்குப் பதில் அனுப்பணுமாம். பேரெல்லாம் எழுதிட்டிருந்தா வேலை தாமதமாகும், நம்ம கோட்டத்துல அப்படி ஒரு விபத்து பதிவே ஆகல்லன்னு எழுதியிருக்காங்க. நீங்கதான் சீனியர். பழைய லாக் புக்கைப் பாத்துட்டு, சரிதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

நான் அலமாரியைத் திறந்து அந்தப் புயல் வருஷத்து லாக் புக்கை எடுத்தேன். பக்கம் தேட வேண்டியிருக்கல்ல, கை தானாப் போச்சு. ஏறினது மூணு, இறங்கினது மூணுன்னு என் உருண்டைக் கையெழுத்துல எழுதியிருக்கு. பாக்கிறவங்களுக்கு அது நல்ல சுத்தமான பதிவு.

அந்த நாளை நாம ரெண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசினதில்ல. இப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க.

புயல் அடிச்சு எட்டாவது நாள். ரப்பர் மரமெல்லாம் கம்பி மேல குப்புறக் கெடந்தது. நீங்க வீட்டுக்கே வரல்ல, எந்த ஊர்ல எந்த மரத்தடியில படுத்தீங்களோ. நானும் பாதி நாள் ஆபீஸ்லதான். குடிக்கத் தண்ணி இல்லாம ஜனம் சப்-ஸ்டேஷன் கேட்டைப் பிடிச்சு உலுக்கிட்டு நின்னாங்க. எனக்கு ஒவ்வொரு மணிநேரமும் ஒரே வெப்ராளம், படபடப்பு. எங்கேயாவது ஒரு கம்பத்துல நீங்க ஏறி நிக்கிறதாவே கண்ணுக்குள்ள தெரிஞ்சது.

பேச்சிப்பாறைக்குப் போற லைன்ல நீங்க காலையிலயே எல்.சி. வாங்கியிருந்தீங்க. உங்களோட ஏறினது ரெண்டு ஆளு. மத்தியானம் போன் அடிச்சது. நீங்கதான். ஆனா மேடம்னு கூப்பிடல்ல.

"சுகந்தி, லைன் ரெடி."

அத்தனை வருஷத்துல அந்தப் போன்ல என் பேரை நீங்க சொன்னது அது ஒண்ணுதான். தொண்டை கட்டிப்போய், பாதி உயிரு போன குரல். எனக்கு அழுகை முட்டிட்டு வந்துட்டு. நான் என்ன கேக்கணும்? ஏறினது எத்தன, இறங்கினது எத்தன. என் வாயில வந்தது அது இல்ல.

"சாப்பிட்டீங்களா?"

"இனிதான்"னீங்க.

நான் போனை வெச்சேன். பிரேக்கரைப் போட்டேன். போட்ட நொடியில டிரிப் ஆகி கரண்டு தானா நின்னுது. மரக்கொம்பு ஏதாவது உரசியிருக்கும், இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்னு மறுபடியும் கையைக் கொண்டுபோனேன். அதுக்குள்ள போன் அடிச்சது, கரண்டு விடாதே, கம்பத்துல ஆளிருக்குன்னு. அந்தப் போன் அரை நிமிஷம் பிந்தியிருந்தா ரெண்டாவது தடவையும் போட்டிருப்பேன்.

மூணாவது ஆளு அருளப்பன். ஒப்பந்தக்காரர் கூட்டிட்டு வந்த தேங்காய்ப்பட்டணத்துப் பையன், கல்யாணமாகி ஆறு மாசம். வளைவு தாண்டி அடுத்த கம்பத்துல கம்பி முறுக்கிட்டு நின்னிருக்கான். இறங்கியிருப்பான்னு நீங்க நெனைச்சீங்க. நீங்க எண்ணியிருப்பீங்கன்னு நான் நெனைச்சேன். இடுப்புல கட்டின பெல்ட்டுல அவன் தொங்கிட்டு கெடந்தான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். உயிரு தப்பிச்சுது. வலது கையை முழங்கைக்குக் கீழ எடுத்தாங்க.

சாயங்காலம் நான் லாக் புக்கைத் திறந்து, கேக்காத கேள்விக்குப் பதிலை எழுதினேன். மூணு, மூணு. விசாரணைக்கு வந்தவங்க முன்னால நீங்க வாக்குமூலம் குடுத்தீங்க: எல்.சி.யைத் திருப்பிக் குடுத்த பிறகு அருளப்பன் எங்கிட்ட கேக்காம தன்னிஷ்டத்துக்கு மறுபடி ஏறிட்டான். உங்க பேப்பரும் என் பேப்பரும் ஒட்டிப்போச்சு. எல்.சி.யில அவன் பேரே இல்ல, உங்க ஒருத்தர் பேருதான். அதனால அது எந்தக் கணக்குலயும் வரல்ல. என் வேலையும் உங்க வேலையும் நிலைச்சுது. அவன் வேலை போச்சு.

எனக்காகத்தான் அந்தப் பொய்யச் சொன்னீங்க. எனக்குத் தெரியும். வேலையும் போய், போலீஸ் கேஸும் வந்து நான் நிக்கக் கூடாதுன்னு. நான் ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொன்னேனா? வாயை மூடிட்டு உங்களுக்குக் கஞ்சியும் பயறும் எடுத்து வெச்சேன். நீங்க குடிச்சிட்டுப் படுத்தீங்க.

அதுக்கப்புறம் போன்ல, நான் கேக்கிறதுக்கு முன்னாலயே எண்ணிச் சொல்லிருவீங்க. "ஏறினது நாலு மேடம், இறங்கினது நாலு மேடம்." உங்க குரல் கல்லு மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் மீன் வாங்கிட்டு வர்றேன்னு பைக்கை எடுத்துட்டுத் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போவீங்க. மூணு மணிநேரம் கழிச்சு, கண்ணு குழிஞ்ச நாலு சாளையோட வந்து நிப்பீங்க. மீன் பாத்து வாங்கத் தெரிஞ்ச மனுஷன் அப்படியொரு மீனை வாங்குவாரா? நீங்க யாரைப் பாக்கப் போறீங்கன்னு எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியும். நான் அந்த மீனைக் கழுவி கறி வெச்சேன்.

அந்தப் பிள்ளைகிட்ட, ரெண்டு நாள் டைம் குடு மக்ளேன்னு சொல்லிட்டு மறுநாள் லீவு போட்டேன். பஸ் பிடிச்சுத் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போனேன். நீங்க இருந்தப்பவும் சரி, அப்புறமும் சரி, நான் ஒரு தடவைகூட அங்க போனதில்ல.

அருளப்பன் இப்ப துறைமுகத்துல மீன் ஏலம் விடுறான். என்ன குரல் தெரியுமா அவனுக்கு! வலது பக்கத்துச் சட்டைக்கையை மடிச்சு ஊக்கு குத்தியிருக்கான். நூறு பேரு நடுவுல நின்னு விலையை ஏத்திட்டே போறான், ஒருத்தனும் வாயைத் திறக்கல்ல. என்னைப் பாத்ததும் இன்னொருத்தன்கிட்ட ஏலத்தைக் குடுத்துட்டு வந்தான்.

"வாருங்க மைனி. சாயா குடிக்கியளா?"

நின்னபடியே எல்லாத்தையும் கொட்டிட்டேன். நான் எண்ணல்ல, கேக்கல்ல, அப்புறமா பொய்யா எழுதினேன்னு. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டுட்டு இருந்தான்.

"எனக்குத் தெரியும் மைனி. அண்ணன் சொல்லியாச்சு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில வெச்சே. எனக்குப் போதம் வந்த அன்னைக்கு கால்மாட்டுல வந்து நின்னாரு. 'லேய் அருளப்பா, நீ இறங்கினியான்னு நான் பாக்கல்ல. அவளும் கேக்கல்ல. அவளை மட்டும் வெளிய இழுத்து விட்டுராதலே'ன்னு சொல்லி அழுதாரு. பெறவு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. இந்தா, இந்தக் கல்லுல உக்காந்து கடலைப் பாத்துட்டு இருந்துட்டு எழும்பிப் போவாரு."

அத்தான், எனக்குப் பொறாமையா இருந்தது. சிரிக்காதீங்க. கை போனவன்கிட்ட சொல்லி அழ உங்களால முடிஞ்சது. ஒரே பாயில படுத்துக் கெடந்தவகிட்ட முடியல்லியே. நாம ரெண்டு பேரும் ஒரு நாளாவது சேந்து அழுதிருக்கலாமே. ஏன் செய்யல்ல?

"விசாரணையில நீ ஏன் மக்கா சொல்லல்ல?"ன்னு கேட்டேன்.

"எங்கிட்ட யாரு கேட்டா? பேப்பர்ல நான் இல்லவே இல்லியே மைனி."

ஆணையம் கருத்துக் கேக்கிற கூட்டத்துல நான் எழுந்து உண்மையச் சொல்லட்டான்னு கேட்டேன். அவன் வெடுக்குன்னு கேட்டான்.

"சொன்னா எனக்க கை வருமா?"

அப்புறம் அவனே தணிஞ்சு, சாயா கிளாஸை எங்கையில தந்தான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இப்பமும் நம்ம பயலுவ கம்பத்துல ஏறுகானுவ, ஒருத்தனுக்கும் பேரு இல்ல. சொல்லுகதா இருந்தா சொல்லுங்க. ஆனா 'ஒரு ஒப்பந்தத் தொழிலாளி'ன்னு சொல்லப்பிடாது. மரியதாசன் மகன் அருளப்பன்னு பேரச் சொல்லணும்."

பஸ்ல வரும்போதுதான் எனக்கு உறைச்சுது. அவன் பேரைச் சொன்னா, எல்.சி. எடுத்தது யாருன்னு கேப்பாங்க. உங்க பேரையும் சொல்லணும்.

ஷீபாவுக்கு போன் போட்டேன். மறைச்சுச் செய்ய எனக்கு மனசில்ல. கேட்டதும் அவ தீயாப் பிடிச்சிட்டா. "அம்மா, அப்பா வந்து பதில் சொல்ல முடியுமா? செத்தவரை ஏன் இழுக்கிறீங்க? நீங்க வேணும்னா உங்க தப்பைச் சொல்லுங்க, அப்பா பேரை விட்டிருங்க."

"ரெண்டும் ஒரே தப்பு மக்ளே. பாதியை மட்டும் சொன்னா அது இன்னொரு பொய்."

"எனக்கு அப்பாதான் எல்லாம்னு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா. குரல் உடைஞ்சு போச்சு. "எனக்கு மட்டும் அவரு யாரு?"ன்னு நானும் கத்திட்டேன். வெச்சிட்டா. நீங்க இருந்தா நடுவுல வந்து ரெண்டு பேரையும் ஒண்ணாக்கியிருப்பீங்க. உங்க பேச்சுன்னா அவ கேப்பா.

கருத்துக் கேக்கிற கூட்டம் கோட்டாறு பக்கத்துல ஒரு மண்டபத்துல நடந்தது. கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் லைட்டு அப்படியே தொங்கிட்டு கெடந்தது. மேடையில மெட்ராஸ்ல இருந்து வந்த ஆணையத்துக்காரங்க மூணு பேரு. பேசுறவங்களுக்கு ஒரு டோக்கன், ஆளுக்கு மூணு நிமிஷம். ஐஸ் கம்பெனிக்காரர் கட்டணத்தைப் பத்தி சண்டை போட்டாரு. செக்குமில் வெச்சிருக்கிற அம்மா ஒருத்தி, வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டார் கருகினதைச் சொல்லி அழுதா. புது மீட்டர் வேண்டாம்னு ஒரு கூட்டம் எழுந்து நின்னு கோஷம். அந்தப் பிரிவைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல்ல. நம்ம ஆபீஸ் பதிலை ஒருத்தர் எழுந்து வாசிச்சாரு, அப்படி ஒரு விபத்து பதிவாகவே இல்லன்னு. என் கையெழுத்து இல்லாமலேயே அது போய்ச் சேந்திருந்தது.

எனக்கு டோக்கன் முப்பத்தொண்ணு. அருளப்பன் வரல்ல, போட் எல்லாம் கரைக்கு வர்ற நேரம் மைனின்னு சொல்லிட்டான். நான் நம்ம கல்யாண நாளுக்கு நீங்க எடுத்துத் தந்த பச்சைச் சேலையைத்தான் உடுத்திட்டுப் போயிருந்தேன். மைக்கைப் பிடிச்சேன்.

"ஐயா, புயல் வருஷத்து லாக் புக்குல இருக்கிற பதிவு பொய். எழுதினது நான்தான். அன்னைக்கு ஏறினது மூணு பேர். இறங்கினது ரெண்டு பேர். நான் கேக்கல்ல, கேக்காம கரண்டு விட்டேன். கம்பத்துல இருந்தது தேங்காய்ப்பட்டணம் மரியதாசன் மகன் அருளப்பன். அவருக்கு வலது கை போச்சு. அவரு தன்னிஷ்டத்துக்கு ஏறல்ல. அவரு பேரு எங்கேயும் இல்லாததனாலதான் எங்களால அப்படிச் சொல்ல முடிஞ்சது. அந்தப் பிரிவை எடுத்துராதீங்க."

நடுவுல இருந்தவரு கண்ணாடியக் கழட்டிட்டு மெதுவாக் கேட்டாரு, எல்.சி. எடுத்தது யாரும்மான்னு.

"லைன்மேன் வில்சன்."

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"இறந்துட்டாரு ஐயா."

"இறந்தவர் மேல பழி சொல்றீங்களே. அவரை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"என் வீட்டுக்காரர்"ன்னேன்.

பக்கத்துல தட்டச்சு பண்ணிட்டிருந்த பிள்ளை கையை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நடுவுல இருந்தவரு, எழுதிக்கோம்மான்னு அவகிட்ட சொன்னாரு. அவ எழுதினா. நான் இறங்கி வந்து நாற்காலியில உக்காந்தேன். நம்ம ஆபீஸ் ஆளுங்க ஒருத்தரும் எம்முகத்தைப் பாக்கல்ல. அந்த இன்ஜினியர் பிள்ளை மட்டும் ஒரு தண்ணி பாட்டிலைக் கொண்டு வந்து தந்துட்டு, "எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்லா மேடம்"னு சொன்னா. அவளுக்கும் கண்ணு கலங்கியிருந்தது.

அந்தப் பிரிவு நிக்குமா, எடுத்துருவாங்களா, எனக்குத் தெரியாது. உத்தரவு வர மாசக்கணக்குல ஆகுமாம். எனக்கு மெமோ மட்டும் மூணாம் நாளே வந்துட்டு. பென்ஷன்ல கைவெப்பாங்களோ என்னமோ. அதுக்கு நான் பயப்படல்ல. ஊரு உங்களை என்ன பேசும்ங்கிறதுதான் எனக்குச் சங்கடம். அதுக்குத்தான் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் குடுக்கிறேன். அரைகுறையாக் கேட்டு ஆளுக்கொண்ணா பேச வேண்டாம், முழுசா வாசிக்கட்டும். வில்சன் பொய் சொன்னாரு, அப்புறம் சாகுற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய் அந்தக் கல்லுல உக்காந்தாரு. ரெண்டையும் சேத்தே தெரிஞ்சுக்கட்டும்.

உங்களுக்கு எம்மேல கோவமா? நீங்க என்னைக் காப்பாத்தக் கட்டி வெச்சதை நானே இடிச்சுட்டேனே. கோவம்னாலும் பரவாயில்ல. வந்து ஏசினா நல்லாயிருக்கும்னு இருக்கு. கொஞ்ச நாளா உங்க குரலே எனக்குச் சரியா ஓர்மையில வரமாட்டேங்குது. வார்த்தை வருது, குரல் வரல்ல. அது எனக்குப் பெரிய பயம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. பழைய ஃபைலைத் தேடி எடுத்தாச்சாம். நீங்க குடுத்த வாக்குமூலத்தை எம்முன்னால வெப்பாங்களாம். இது என் கணவர் கைப்பட எழுதினதுதான்னு நான் முதல்ல ஒத்துக்கணும். அப்புறம் அதுல இருக்கிறது உண்மையில்லன்னு எழுதித் தரணும்.

அத்தான், இருபத்தாறு வருஷத்துல நீங்க எனக்கு ஒரு கடிதம்கூட எழுதினதில்ல. தேவைப்படல்ல, எல்லாம் போன்தான். வீடு முழுக்கத் தேடிப் பாத்தேன். வேதப்புஸ்தகத்து முதல் பக்கத்துல ஷீபா பிறந்த தேதி இருக்கு, ரெண்டு மூணு ஃபாரத்துல கையெழுத்து இருக்கு, அவ்வளவுதான். நீங்க உக்காந்து வரிவரியா எழுதின ரெண்டு பக்கம் இந்த உலகத்துல இருக்குன்னா, அது அந்தப் பொய் ஒண்ணுதான். அதையும் எனக்காக எழுதியிருக்கீங்க. அதைப் பாக்கணும்னு எனக்குக் கொதியா இருக்கு. செவ்வாய்க்கிழமை எப்ப வரும்னு விரலை மடக்கிட்டு இருக்கேன், பைத்தியக்காரி மாதிரி.

வாக்குத் தர்றேன். அந்த ரெண்டு பக்கத்தையும் ஆசை தீர ஒரு தடவை வாசிப்பேன். உங்க எழுத்து மேல ஒரு தடவை விரலை வெச்சுப் பாப்பேன். அப்புறம் பேனாவை எடுத்து, இது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வருவேன்.

உங்க மனைவி,
ஷீபாவோட அம்மா,
சுகந்தி